சொல் நம்முடையது; இருக்கை யாருடையது?

வக்கீல், வக்காலத்து, ஜாமீன், முன்சீப், அமீனா, ஆஜர், வாய்தா, ஜப்தி, ரத்து, தாவா, மகஜர், அசல், நகல், கைதி.

தமிழ்நாட்டின் எந்தக் கோர்ட்டு வாசலில் நின்றாலும் காதில் விழும் சொற்கள் இவை. இவை யாவும் அரபு மொழியில் வேர்கொண்டு, பார்சி, உருது வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தவை. முன்சீப் என்பவர் ‘இன்ஸாஃப்’ செய்பவர். அதாவது, நடுநிலை வழங்குபவர். ஜாமீன் என்பவர் பிறருக்காகப் பொறுப்பேற்பவர். வக்கீல் என்பவர் ஒருவர் நம்பித் தம் காரியத்தை ஒப்படைக்கத் தகுந்தவர். வாக்குறுதி என்று பொருள்படும் ‘வஃதா’ என்ற சொல், வழக்கை ஒத்திப்போடும் ‘வாய்தா’வாக மாறிப் போனது, நீதிமன்றங்களின் வரலாற்றையே ஒரு சொல்லில் அடக்கிக் காட்டுகிறது!

சொற்களைக் கணக்கெடுத்தாயிற்று. இனி ஆட்களைக் கணக்கெடுப்போமா? முன்சீப்பின் நாற்காலியில் நம்மவர் எத்தனை பேர்? அரசுத் தரப்பில் வாதாடும் பிராசிக்யூட்டர் இருக்கையில் எத்தனை பேர்? தடய அறிவியல் கூடத்தில், நன்னடத்தை அலுவலகத்தில், சிறை நிர்வாகத்தில் எத்தனை பேர்? நேயர்கள் தத்தம் ஊர்க் கோர்ட்டில் ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும். ‘கைதி’ என்ற சொல்லுக்குரிய இடத்தில் மட்டும் நம்மவருக்குக் குறைவில்லை என்பதைக் கண்டு வெட்கித் திரும்புவார்கள்.

இது மிகைக் கூற்றன்று. நீதிபதி இராஜேந்திர சச்சார் குழு 2006 இல் அளித்த அறிக்கை, இந்தியக் காவல் பணி அதிகாரிகளில் முஸ்லிம்கள் 4 விழுக்காடே என்று கூறிற்று. 2011 மக்கட்தொகைக் கணக்கின்படி நாட்டில் நாம் 14.2 விழுக்காடு. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்டுவந்துள்ள சிறைப் புள்ளிவிவரங்களிலோ, நமது பங்கு இந்த விழுக்காட்டையும் மிஞ்சியே நிற்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5,73,000 பேரில் 4,34,000 பேர் விசாரணைக் கைதிகள்; அதாவது, நான்கில் மூவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் கூறாதவர்கள்!

இந்நிலையில் நம் சமுதாயத்தில் சட்டம் பயிலும் பிள்ளைகளின் தொகை குறைவு. பயில்வோரிலும் கீழ்க்கோர்ட்டுக்கும் சிறைக்கும் சென்று களப்பயிற்சி பெறுவோர் அதனினும் குறைவு. இக்குறையைச் சுட்டவும், இதற்குச் சமாதானம் சொல்லும் பெரியவர்களை நேருக்கு நேர் வினவவுமே இக்கட்டுரையை வரைகிறோம்.

‘பொய்த் தொழில்’ என்னும் பொய்

முதல் சமாதானம்: ‘வக்கீல் தொழில் பொய்த் தொழில், தீனுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஆகாது.’

பொய் சொல்லும் வக்கீல் இருக்கிறார் என்பதை யார் மறுத்தார்? எடையில் மோசம் செய்யும் வணிகரும் இருக்கிறார். திருமறையில் அளவையில் குறைப்போரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. அதை ஓதிய பின்னும் நம்மவர் வணிகத்தைக் கைவிட்டனரா? இல்லை! நேர்மையான வணிகருக்கு மறுமையில் கிட்டும் உயர்வை மேடைதோறும் பேசுகிறோம். வணிகத்துக்கு ஒரு நீதி, வழக்குக்கு ஒரு நீதியா? நேர்மையுள்ளோர் ஒதுங்கிக் கொண்ட துறை நேர்மையற்றோர் கையில்தான் போகும். ஒதுங்கியவர்களே பின்னர் ‘பார்த்தீர்களா, எல்லாம் பொய்’ என்று கைகொட்டுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது சமாதானம்: ‘குற்றம் செய்தவனுக்காக ஒரு முஸ்லிம் பேசலாமா?’

இது சிந்திக்கத் தக்க வினா. திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் 105 ஆம் வசனம் முதலாகச் சில வசனங்கள் அருளப்பட்ட பின்னணியை விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். மதீனாவில் ஒருவன் கவசமொன்றைத் திருடினான். பழி நெருங்கியதும் அதை ஒரு யூதரின் வீட்டில் சேர்த்துவிட்டு, அவரே திருடர் என்றான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து அவனுக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பரிந்து பேசினர். மோசக்காரருக்காக வாதாட வேண்டாம் என்று இறைவசனம் இறங்கியது. யூதர் பழியிலிருந்து நீங்கினார். கலிமாச் சொன்னவன் குற்றவாளி, சொல்லாதவர் நிரபராதி! குலம் பார்த்து, கூட்டம் பார்த்து நியாயம் பேசும் வழக்கத்தை இஸ்லாம் அன்றே அறுத்தெறிந்தது.

தமிழ் கற்றோருக்கு இவ்விடத்தில் மதுரை நினைவுக்கு வராமலிராது. அங்கும் அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் தன் பழியைப் புறஞ்சேரியில் தங்கியிருந்த வெளியூரான் மீது போட்டான். கோவலனுக்காகப் பேச அங்கு ஒருவரும் இல்லை. பாண்டியனும் அவனை அழைத்து ஒரு வினா கேட்கவில்லை. வழக்குரைக்கக் கண்ணகி வந்து சேர்ந்தபோது தலை போயிருந்தது. மதீனாவில் விசாரணை நிரபராதியைக் காத்தது. மதுரையில் விசாரணை இல்லாமை ஒரு நகரத்தையே எரித்தது.

ஆகவே, வக்கீலின் கடமை குற்றத்தை நியாயப்படுத்துவதன்று. குற்றம் சாட்டப்பட்டவர் பேசாமலேயே தண்டிக்கப்படாமல் காப்பது. சான்று கொண்டு வா என்று சாட்டியவரைக் கேட்பது. சட்டம் விதித்த தண்டனைக்கு மேல் ஓர் அடியும் விழாமல் பார்த்துக்கொள்வது. இளம் வயதில் யமனுக்கு நீதிபதியாக அனுப்பப்பட்ட அலீ (ரலி) அவர்கள், தமக்கு வயதும் தீர்ப்பு வழங்கும் பயிற்சியும் இல்லையே என்று தயங்கியபோது, இருதரப்பில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம், மற்றவர் பேச்சையும் அவ்வாறே கேளுங்கள் என்று அண்ணலார் (ஸல்) கற்பித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மற்றவர் பேச்சைக் கேட்க வேண்டுமாயின், அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

மூன்றாவது சமாதானம்: ‘இது நமது ஷரீஅத் அன்று, இந்தக் கோர்ட்டுகளில் நமக்கென்ன வேலை?’

இதைச் சொல்வோர் அபிசீனியாவை மறந்துவிட்டனர். மக்கத்துக் குறைஷிகளின் கொடுமைக்கு அஞ்சிக் கடல் கடந்த முஸ்லிம்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு குறைஷித் தூதர்கள் நஜ்ஜாஷி மன்னரிடம் கேட்டனர். அவர்கள் தரப்பையும் கேளாமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார் அந்தக் கிறிஸ்தவ மன்னர். அந்தச் சபையில் எழுந்து நின்று, அகதிகளின் வழக்கை ஒழுங்காக எடுத்துரைத்தவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) என்னும் இளைஞர். ‘இது நம் சபையன்று’ என்று அவர் வாய்மூடி இருந்திருந்தால் அம்மக்களின் கதி என்னாகியிருக்கும்? நபித்துவத்துக்கு முன்பே, அநீதி இழைக்கப்பட்ட வெளியூர் வணிகர் ஒருவருக்காக மக்காவில் ஏற்பட்ட ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையில் அண்ணலார் (ஸல்) பங்கு கொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைத்தால் இணங்குவேன் என்று அதனைப் போற்றினார்கள். அநீதியைத் தடுக்கக் கூடும் சபை யாருடையது என்று நபிவழி கேட்கவில்லை.

சிறையை முதலில் பார்

நம் மதரஸாக்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பயிலும் மாணவர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலைக் காணாமல் வெளியேறுவதில்லை. அந்நூலில் நீதிபதியின் ஒழுங்குமுறைகளைக் கூறும் பகுதியில் என்ன சட்டம் உள்ளது? புதிதாகப் பதவியேற்கும் காஜி முதலில் கவனிக்க வேண்டியவர்கள் சிறையில் இருப்போர்! நியாயமாகவே அடைக்கப்பட்டேன் என்று ஒப்புக்கொள்பவர் அங்கேயே இருப்பார். அநியாயமாக அடைக்கப்பட்டேன் என்று ஒருவர் கூறினாலோ, சான்று காட்டும் பொறுப்பு அவரை அடைத்த எதிர்த்தரப்பின் மீதே விழும். எதிர்த்தரப்பு ஊரில் இல்லையெனில், ஆஜராகுமாறு எழுத வேண்டும்.

எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதை ஓதி வருகிறோம். ஓதியதோடு சரி! ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில், கைதிகளுக்கு உணவுக்கும் கோடை, குளிர்கால உடைக்கும் பொதுநிதியிலிருந்து வழங்குமாறும், சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்கும் இழிநிலையை ஒழிக்குமாறும், அவர்களுடைய வழக்குகளை இடைவிடாது பார்வையிடுமாறும் அறிவுறுத்தினார்கள். இந்நூல்களின் வாரிசுகள் நாம் என்கிறோம். நம் ஊர்ச் சிறையில் யார், எத்தனை காலமாக, எந்தக் காரணத்துக்காக இருக்கிறார் என்று ஒரு ஜமாஅத்தாவது ஏடு வைத்திருக்கிறதா?

1979 இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த ஹுஸைனாரா காத்தூன் வழக்கை நினைத்துப் பாருங்கள். பீகார்ச் சிறைகளில், தம் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்ச தண்டனைக் காலத்தையும் கடந்து விசாரணையின்றிக் கிடந்தோர் பலர். பத்திரிகைச் செய்தியைப் படித்த ஒரு பெண் வக்கீல் மனுச் செய்தார். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிபதி பகவதி அவர்களின் அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் பெயரில் இருப்பவர் முஸ்லிம் பெண்; அவருக்காக மனுச் செய்த புஷ்பா கபிலா ஹிங்கோரானி முஸ்லிமல்லர். நன்றி கூறுகிறோம், அதே மூச்சில் நம்மை நாமே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. எந்த மார்க்கமும் மன்னிக்காத கொடுஞ்செயல் அது. இறந்தோரின் குடும்பங்களுக்கு நீதி தேவைப்பட்டது. ஆனால் 2007 இல் தீர்ப்பு வந்தபோது, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த பின் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோரும் இருந்தனர். நிரபராதியை அடைத்து வைப்பதால் இறந்தவருக்கு நீதி கிடைத்துவிடாது. சரியான ஆளைச் சரியான சான்றோடு, காலம் தாழ்த்தாமல் நிறுத்தத் தேர்ந்த புலனாய்வாளரும் வேண்டும். தேர்ந்த பிராசிக்யூட்டரும் வேண்டும். தேர்ந்த எதிர்த்தரப்பு வக்கீலும் வேண்டும். மூவரில் ஒருவர் குறைந்தாலும் தராசு சாயும்.

சான்றிதழ் வாங்கும் பயிற்சி

தேர்ச்சி எங்கிருந்து வரும்? புத்தகத்திலிருந்து மட்டும் வராது என்பதை அறிந்தே, இந்திய பார் கவுன்சில் 2008 ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளில் களப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம். ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம். ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணைக் கோர்ட்டிலும் மேல்முறையீட்டிலும் தொழில் புரியும் வக்கீல்களிடம் ஒரு முறையேனும் பயின்றிருக்க வேண்டும்.

விதி நல்ல விதி. நம் பிள்ளைகள் அதனை என்ன செய்கின்றனர்? மாமாவின் நண்பர் ஒரு வக்கீல். அவரிடம் முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்று வாங்கி வந்தால் 20 வாரமும் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது! பிள்ளை வீட்டில் உறங்கியிருக்கும். நாட்குறிப்பில் மட்டும் கோர்ட்டு நடந்திருக்கும். ‘பொய்த் தொழில்’ என்று பழித்த அதே தந்தை, தொழிலில் நுழையும் முன்னரே பிள்ளைக்குப் பொய்ச் சான்று வாங்கித் தருகிறார். அந்தச் சான்றிதழைக் காட்டிப் பட்டம் பெற்றவரிடம்தான் நாளை ஓர் ஏழைத் தாய் தன் மகனின் உயிரை ஒப்படைக்கப் போகிறாள். இது அமானிதத்தில் செய்யும் மோசடி அல்லவா?

மூத்த வக்கீல்கள் சிலரையும் கேட்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு வந்த மாணவரைத் தேநீர் வாங்கவும் கட்டுச் சுமக்கவும் மட்டுமே வைத்துக்கொண்டால், அவர் எதைக் கற்பார்? சுமக்கும் கட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது பிரித்துக் காட்டுங்கள்.

உண்மையான பயிற்சியில் ஒரு மாணவர் என்ன பயில முடியும்? முதல் தகவல் அறிக்கையையும் சாட்சியின் வாக்குமூலத்தையும் அருகருகே வைத்து, எங்கே நேரம் மாறுகிறது, எங்கே பெயர் புதிதாக முளைக்கிறது என்று காணப் பயிலலாம். கைதான நாளிலிருந்து நாளை எண்ணப் பயிலலாம். இது சிறு காரியமன்று! குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை. ஆனால் பத்திரிகை தாக்கலாகும் முன் அதைக் கேட்டாக வேண்டும், கேளாதவர் இழந்தார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479 ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வழி செய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இவற்றை எண்ணிச் சொல்ல ஒரு பென்சிலும் பொறுமையும் போதும். அந்தப் பொறுமை இன்மையால் ஒருவர் மேலும் ஓராண்டு உள்ளே கிடப்பதுண்டு.

காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச வக்கீல் பெறத் தகுதியுடையவர். இதை அறியாமல் தாலிச் சரட்டையும் கருகமணியையும் அடகு வைத்து அலையும் குடும்பங்கள் எத்தனை! மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணையம் உண்டு. அங்குச் சட்ட மாணவர்கள் தன்னார்வலராகப் பணி செய்ய இடமுண்டு. விண்ணப்பிக்க மட்டும் நம் வீட்டில் ஆளில்லை.

அபூயூசுஃபின் பாடம்

‘கோர்ட்டில் சுற்றித் திரிந்து என்ன கிடைக்கும்? வயது வீணாகும்’ என்று முணுமுணுக்கும் தாய்தந்தையர்க்கு ஒரு வரலாறு சொல்வோம். அபூயூசுஃப் (ரஹ்) வறிய வீட்டுப் பிள்ளை. கூஃபாவின் காஜி இப்னு அபீலைலாவிடம் அமர்ந்து பயின்றவர். பின்னர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் வந்தார். பிள்ளை சம்பாதிக்க வேண்டும் என்று வீட்டார் அழைத்தபோது, இமாம் தம் பணத்தைக் கொடுத்து அவரைப் பாடத்தில் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஏழை மாணவரே அப்பாஸியப் பேரரசின் தலைமை நீதிபதியானார். ஹனஃபி சட்டக்கலையில் இன்னொரு செய்தியும் உண்டு: நீதிமன்ற விவகாரங்களில் ஃபத்வா அபூயூசுஃபின் சொல்லின் மீதே என்பது அறிஞர்களின் விதி. காரணம், அவர் நேரில் வழக்குகளைக் கேட்டு அனுபவம் பெற்றவர்! ஆசானின் கருத்தையும் தாண்டி மாணவரின் கருத்துக்கு எடை தந்தது கோர்ட்டு அனுபவமே. களப்பயிற்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்கள் 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாய் விளங்கினார். கம்பன் ஆய்வால் அவரை அறிந்தோர் பலர். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையத்தின் தலைவரும் அவரே என்பதை அறிந்தோர் சிலர். இராவுத்தர் குடும்பத்தில் பிறந்த பாத்திமா பீவி அவர்கள் 1950 இல் வக்கீலாகப் பதிவு செய்து, கொல்லத்தில் தொழில் தொடங்கி, 1958 இல் முன்சீப்பாகி, படிப்படியாக ஏறி, 1989 இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். ‘பெண்பிள்ளைக்குக் கோர்ட்டு எதற்கு?’ என்போர் இப்பெயரை ஒரு முறை உச்சரித்துப் பார்க்கட்டும். அவர் தொடங்கியது தில்லியில் அன்று. கீழ்க்கோர்ட்டின் மர நாற்காலியில்!

இன்று அந்த ஏணியின் முதற்படி மேலும் இன்றியமையாததாகிவிட்டது. கீழ்நிலை நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 மே 20 இல் மீண்டும் விதித்தது. வீட்டில் அமர்ந்து வினாவிடை மனனம் செய்து நீதிபதியாகும் வழி அடைபட்டது. சட்டம் மட்டுமே வழி என்றும் இல்லை. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். வேதியியலும் உயிரியலும் படித்த பிள்ளைகளுக்கு அங்கே இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. கிழிந்த சட்டை முன்பக்கமா, பின்பக்கமா என்று பார்த்து யூசுஃப் நபி (அலை) அவர்களின் தூய்மை வெளிப்பட்ட வரலாற்றை ஓதும் சமுதாயத்துக்குத் தடயம் புதிய கலையா என்ன?

செய்ய வேண்டியவை

ஜமாஅத்தார்க்கு: கந்தூரிக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஊருக்கு ஒரு சட்ட மாணவரின் 20 வாரப் பயணச் செலவையும் உணவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டம் பெற்றபின் முதல் மூன்றாண்டுகள் இளம் வக்கீலின் வருவாய் மிகச் சொற்பம். பலர் அங்கேதான் மனமுடைந்து விமானம் ஏறுகின்றனர். அபூஹனீஃபா (ரஹ்) செய்ததைச் செய்யுங்கள்.

வக்கீல் பெருமக்களுக்கு: ஆண்டுக்கு ஒரு மாணவரை உண்மையாகப் பயிற்றுங்கள். வராதவருக்குக் கையெழுத்திடாதீர்கள், அது பொய்ச் சாட்சி.

மதரஸா ஆசிரியர்களுக்கு: காஜியின் ஒழுங்குகளைக் கூறும் பாடத்தை நடத்தும் நாளில், மாணவரை மாவட்டக் கோர்ட்டுக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். கல்லூரிப் பட்டமும் பெறக்கூடிய ஆலிமைச் சட்டக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கு: நம்மவர் வழக்கை மட்டும் பார்ப்போம் என்று கிளம்பாதீர்கள். அவ்வாறு கிளம்பினால் மதீனாவில் அந்தத் திருடனுக்காகத் திரண்ட குலத்தாராகவே ஆவீர்கள். தலித் இளைஞரோ, நரிக்குறவரோ, பீகார்க் கூலித் தொழிலாளியோ, குரலற்றவர் எவராயினும் அவருடைய கட்டையும் பிரித்துப் படியுங்கள்; அவருடைய நாள்களையும் எண்ணுங்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியை விட்டு நம்மை விலக்கிவிடலாகாது என்பது திருமறையின் கட்டளை. சொந்தத்துக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதும் அதன் கட்டளையே.

யூசுஃப் நபி (அலை) அவர்கள் தம்மோடு சிறையிலிருந்து விடுதலையான ஒருவரிடம், அரசரிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியே சென்றவர் மறந்தார். நபியவர்கள் மேலும் சில ஆண்டுகள் உள்ளே இருந்தார்கள். அந்த மறதியைத் திருமறை ஷைத்தானோடு சேர்த்துக் கூறுகிறது. நமது சிறைகளிலிருந்தும் ‘என்னைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற குரல் வந்துகொண்டுதான் இருக்கிறது. மறந்தவர்களின் பட்டியலில் நம் சமுதாயத்தின் பெயர் இடம்பெறாதிருக்க வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.